கார்பனைக் குறைத்துக்கொண்டே சந்தோஷமாகவும் இருக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோம்பேட்டையில் 24 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டு நாள் கரன்ட் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் முழங்கால் வரை தண்ணீர். வேறு வழியில்லாமல் எல்லோரும் மூன்றாவது மாடி வராந்தாவில் கூடினோம். யார் வீட்டில் பால் இருக்கிறது, யார் வீட்டில் மாவு இருக்கிறது என்று பார்த்துச் சேர்ந்து சமைத்தோம். "இந்த மாதிரி மழை இனி அடிக்கடி வருமா?" என்று அங்கே தொடங்கிய பேச்சு இன்னும் நிற்கவில்லை. இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூடுகிறோம். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால், நம் வீடுகள் எவ்வளவு கார்பனை, அதாவது பூமியைச் சூடாக்கும் கார்பன் டைஆக்சைடை, வெளியிடுகின்றன என்று கணக்குப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூட்டத்தில் கேட்கப்படும் கேள்விகளையும், ஊரிலிருந்து அக்கா, தங்கை, சித்தி ஃபோனில் கேட்பவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆசையைக் குறைத்துக்கொள் என்பதைத்தானே வேறு வார்த்தையில் சொல்கிறீர்கள்?

நானும் அப்படி நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அதனால்தான் முதல் வருடம் சரியாக வரவில்லை. வீட்டில் அரிசியை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் சிறுதானியம் என்று ஒரே நாளில் மாற்றினேன். மகன் தட்டுக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பான். என் கணவருக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது நாளில் பழையபடி ஆனோம். அதே வருடம்தான் அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போவதை விட்டு மின்சார ரயிலுக்கு மாறினேன். அது இன்று வரை தொடர்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. சிறுதானியத் திட்டம் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது, பதிலுக்கு எதுவும் தரவில்லை. ரயில் எனக்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தந்தது, கூடவே நாலு பேரையும் தந்தது. அன்றிலிருந்து புதிதாக எதைத் தொடங்கினாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: பருவநிலை என்ற பிரச்சினையே இல்லாவிட்டாலும் இதை நான் செய்வேனா? செய்வேன் என்றால் அதிலிருந்து தொடங்கலாம்.

சந்தோஷம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதில் ஆராய்ச்சி ஏதாவது உண்டா?

உண்டு. 2004-ல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நினைவுபடுத்திப் பார்க்கச் சொன்னார்கள். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றின்போதும் மனசு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். அடிமட்டத்தில் வந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். மேலே வந்தவை நெருக்கமானவர்களோடு இருப்பது, நண்பர்களோடு பேசுவது, ஓய்வாக இருப்பது.

இன்னொன்று 2008-ல் வந்தது. எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்டன் மூவரும் செய்தது. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, சிலரை அதைத் தங்களுக்காகவும் சிலரை அடுத்தவருக்காகவும் அன்று மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். அடுத்தவருக்காகச் செலவழித்தவர்கள்தான் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். பொருள் வாங்கிய சந்தோஷத்தைவிட, ஊருக்குப் போனது, சேர்ந்து சாப்பிட்டது போன்ற அனுபவங்களின் சந்தோஷம் அதிகம் என்று லீஃப் வான் போவனும் தாமஸ் கிலோவிச்சும் 2003-ல் எழுதினார்கள். ஹார்வர்டில் 1938-ல் தொடங்கி இன்னும் நடக்கும் ஆய்வு ஒன்று, முதுமையில் உடலும் மனமும் நன்றாக இருக்க நல்ல உறவுகள்தான் பெரிய துணை என்கிறது.

இந்தப் பட்டியலைக் கார்பன் கணக்கோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். தனியாக வண்டி ஓட்டுவதும் பொருள் வாங்கிக் குவிப்பதும் கார்பன் நிறைய வெளியிடுபவை, மனசுக்கும் அதிகம் தராதவை. பேசுவது, கொடுப்பது, சேர்ந்து உட்கார்வது ஆகியவற்றில் கார்பன் ஏறக்குறைய பூஜ்யம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கணக்கை எப்படிப் போடுவது?

மூன்று எண்கள் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு. நம் நாட்டு மின்கட்டமைப்பிலிருந்து வரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ, ஏனென்றால் இன்னும் பெரும்பகுதி நிலக்கரியில்தான் தயாராகிறது. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 42 கிலோ.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,400 யூனிட், அதாவது 1,680 கிலோ. வருடம் எட்டு சிலிண்டர் என்றால் சுமார் 340 கிலோ. மாதம் 20 லிட்டர் பெட்ரோல் என்றால் வருடத்துக்கு 550 கிலோ. பெரும்பாலான வீடுகளில் கரன்ட்தான் முதலிடம். பிளாஸ்டிக் ஸ்ட்ராவைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கலைந்த கூட்டங்களும் எங்களிடம் உண்டு, அதனால்தான் கணக்கை முதலில் போடச் சொல்கிறேன். (பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டியது வேறு காரணங்களுக்காக. கால்வாய் அடைப்புக்கும் மாட்டின் வயிற்றுக்கும் அதுதான் எதிரி.)

வண்டியை விட்டு ரயிலில் போனால் நேரம் வீணாகாதா?

ஸ்கூட்டரில் குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கம் போக எனக்கு ஐம்பது நிமிடம் ஆகும். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிப் புகை, கிண்டியில் நெரிசல். போய்ச் சேரும்போது தோள்பட்டை கல்லாகிவிடும். ரயிலில் அரை மணி நேரம், இரண்டு பக்கமும் நடக்கக் கால் மணி நேரம். கடிகாரப்படி பெரிய வித்தியாசம் இல்லை. அந்த நேரம் யாருடையது என்பதில்தான் வித்தியாசம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும்போது அது சாலையுடைய நேரம்.

பெண்கள் பெட்டியில் ஒருவர் மடியில் துணியை விரித்து முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே வருவார். ஜன்னலோரத்தில் ஒருவர் மல்லிகை தொடுப்பார். பழவந்தாங்கலுக்குள் ஒரு முழம் முடிந்துவிடும். முதல் வாரம் எனக்கு யாரையும் தெரியாது. மூன்றாவது வாரம் கைப்பையை வைத்து எனக்கு இடம் போட்டிருந்தார்கள். நான் இரண்டு நாள் வராவிட்டால் "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்க ஐந்து பேர் இருக்கிறார்கள். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதில் ஒருவர்தான் டிபன் கேரியரில் ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தார். எப்போதும் சுகமாக இருக்கும் என்று சொல்லவில்லை. மாம்பலம் வரை நின்றுகொண்டே போன நாள்கள் உண்டு, மழைக்காலத்தில் வண்டி தாமதமாகும்.

கணக்கு: தினம் 40 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிடைத்தால் சுமார் 0.9 லிட்டர், 2 கிலோ கார்பன். வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 500 கிலோ. ரயிலும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவர் பங்கு மிகச் சிறியது. மூன்று நாள் பெட்ரோல் காசுக்குள் ஒரு மாத சீசன் டிக்கெட் வந்துவிடுகிறது.

எங்கள் ஏரியாவில் ரயில் கிடையாதே?

பேருந்து இருந்தால் பாருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அதுவும் வசதிப்படாவிட்டால் வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரே வண்டியில் போகலாம். பால், கீரை, மாத்திரை வாங்கும் சின்ன தூரங்களுக்கு நடை அல்லது சைக்கிள். வண்டி கட்டாயம் வேண்டும் என்றால் அடுத்த முறை எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குங்கள்: ஒரு யூனிட்டில் சுமார் 30 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 23 கிராம் கார்பன், பெட்ரோல் வண்டிக்குச் சுமார் 51 கிராம். ஓடுகிற வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவசரமாக வாங்க வேண்டாம்.

சென்னையில் மே மாதத்தை ஏசி இல்லாமல் தாண்டச் சொல்கிறீர்களா?

சொல்ல மாட்டேன். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் அப்படிச் சொல்வது பாவம், ஆபத்தும்கூட. ஏசிக்கு வேலையைக் குறைத்துக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும். நாங்கள் 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுகிறோம். உடம்புக்கு 23 போலத்தான் இருக்கிறது, காலையில் தொண்டை கட்டுவதில்லை.

பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் உள்ள மின்விசிறி 30 வாட் அளவில் ஓடும். தினம் 15 மணி நேரம், வருடத்தில் 300 நாள் என்றால் ஒரு மின்விசிறிக்கு 200 யூனிட் மிச்சம். நான் முதலில் அம்மா அறையில் மாற்றினேன். கரன்ட் பில்லைவிட ரிமோட்தான் அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. முட்டி வலியோடு நடுராத்திரியில் எழுந்து ரெகுலேட்டரைத் தேட வேண்டியதில்லை.

மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பகலில் கான்கிரீட் தளம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரியில் வீட்டுக்குள் விடுகிறது. பங்குனி முடிவதற்குள் மொட்டை மாடியில் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை வெள்ளையடித்தோம். 24 வீட்டுக்காரர்களும் காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு நின்ற அந்த ஞாயிறு, இந்தக் குடியிருப்பில் எனக்குப் பிடித்த நாள்களில் ஒன்று. மேல்தள வீடுகளில் ராத்திரிப் புழுக்கம் நன்றாகக் குறைந்தது.

மே மாதம் மட்டும் எங்கள் வீட்டில் நான்கு பேரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிறோம். இரண்டு ஏசிக்குப் பதில் ஒன்று ஓடுகிறது. வருடத்தில் பதினோரு மாதம் வாயே திறக்காத மகன், விளக்கை அணைத்த பிறகு அந்த அறையில் பேசுகிறான்.

எங்கள் வீட்டில் ஏசியே இல்லை, வண்டியும் இல்லை. நாங்கள் எதைக் குறைப்பது?

எதையும் குறைக்க வேண்டாம். இந்தியாவில் ஒருவருக்குச் சராசரியாக வருடம் 2 டன் அளவு கார்பன், உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. நீங்கள் அந்த 2 டன்னுக்கும் கீழே இருக்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மின்விசிறியும் ஒழுகாத கூரையும் நேரத்துக்கு வரும் பேருந்தும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் பக்கத்துக் கோரிக்கை. இந்தப் பக்கம் முழுவதும் என்னைப் போல மாதச் சம்பளமும் ஃப்ரிட்ஜும் ஏசியும் உள்ளவர்களுக்காக எழுதியது.

சமையலறைக் கழிவில் உரம் போட்டேன். நாற்றம் தாங்கவில்லை. புழு வேறு. என்ன செய்வது?

எங்களுக்கும் இதே கதிதான் நடந்தது. கீழ்வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்துவிட்டார். பிறகு கற்றுக்கொண்டது இது: நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். ஒரு கை கழிவு போட்டால் இரண்டு கை காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ போட வேண்டும். நாங்கள் கீழே ஓட்டை போட்ட மண் தொட்டியை இரண்டு செங்கல் மேல் வைத்திருக்கிறோம். அடியில் ஒரு அடுக்கு காய்ந்த இலை, மேலே காய்கறித் தோல், மறுபடி இலை. வாரம் ஒருமுறை புளித்த மோர் ஒரு டம்ளர் தெளித்துக் குச்சியால் கிளற வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, உதிரவும் கூடாது. புட்டு மாவு பதம் என்று சொன்னால் நம் ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

வெள்ளையாக, தடிமனாக நெளியும் புழுக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை ஒரு வகைக் கருப்பு ஈயின் புழுக்கள். கடிக்காது, நோயும் பரப்பாது, நம் வேலையைத்தான் வேகமாகச் செய்கின்றன. பிடிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் காய்ந்த இலை போடுங்கள், குறைந்துவிடும். ஐம்பது, அறுபது நாளில் அடியில் கறுப்பாக, உதிரியாக உரம் இருக்கும். முதல் மழை மண் வாசனை வரும். நான் பதினைந்து வருடம் இந்த வீட்டில் இருந்தும் கையால் மண்ணைத் தொட்டது அன்றுதான்.

ஏன் இவ்வளவு பாடு? ஈரக் கழிவு குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதையும்போது மீத்தேன் வருகிறது. இருபது வருடக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டைஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து புகைந்தது பலருக்கு நினைவிருக்கும். இப்படிப்பட்ட மேடுகளுக்கு நம் வீட்டு வாழைப்பழத் தோலும் சேர்ந்துதான் போகிறது.

இப்போது தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது மூன்றாவது மாடித் தாத்தா. ஓய்வுபெற்ற பிறகு வீட்டை விட்டு இறங்காமல் இருந்தவர். காலை ஆறரைக்கு மாடிக்கு வந்து மூடியைத் திறந்து பார்க்காமல் அவருக்குக் காபி இறங்குவதில்லை. உரத்தில் தானாக முளைத்த தக்காளி நாற்றுகளைப் பிடுங்கிப் பேப்பர் கப்பில் வைத்து வீடு வீடாகக் கொடுக்கிறார். யார் வீட்டுச் செடி காய்த்தது, யாருடையது வாடியது என்று அவரிடம் ஒரு நோட்டே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை விடச் சொல்வீர்களா?

விடச் சொல்லவில்லை. ஆடு, மாடு இரண்டும் அசைபோடும் விலங்குகள், மீத்தேன் வெளியிடுகின்றன. அதனால் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் கோழியும் மீனும் முட்டையும் வெகு குறைவு, பருப்பும் சுண்டலும் அதைவிடக் குறைவு. மாதம் நான்கு முறை ஆட்டுக்கறி எடுக்கும் வீட்டில் இரண்டு முறை நெத்திலியோ மத்தியோ எடுத்தால் போதும். விலையும் குறைவு, நெத்திலிக் குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

சிறுதானியம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தியதை நாங்கள் மறுபடி தொடங்கினோம், இந்த முறை மகன் கேட்டு. பாட்டி வீட்டில் சாப்பிட்ட கம்பங்கூழும் மோர் மிளகாயும் ஏப்ரலில் வேண்டுமாம். வாரம் இரண்டு நாள். அவ்வளவுதான்.

மிஞ்சுவதை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை, தினமும் பழையதைச் சாப்பிடவும் முடியவில்லை.

2022-ல் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளில். கல்யாண மண்டபத்தைத்தான் நாம் குறை சொல்கிறோம், ஆனால் நம் ஃப்ரிட்ஜின் பின்வரிசை டப்பாக்களும் இதில் சேர்த்தி.

அளந்து சமைப்பது முதல் வேலை. அடுத்தது, நம் வீடுகளில் இருந்த பழைய வழக்கம்: மிஞ்சுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும், அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது. நாங்கள் இதை வாட்ஸ்அப் குழுவில் மறுபடி தொடங்கினோம். "வத்தக்குழம்பு இரண்டு கரண்டி இருக்கு, யாருக்கு வேணும்?" என்று ராத்திரி எட்டு மணிக்கு வரும். தனியாக இருக்கும் பேச்சிலர் பையன்கள்தான் முதலில் கை தூக்குவார்கள். மறுநாள் கிண்ணத்தில் நாலு கடலை மிட்டாய் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

புதுத்துணி எடுப்பதுதான் எனக்கு ஒரே சந்தோஷம். அதையுமா?

தீபாவளிக்குப் புதுத்துணி இல்லாமல் இருக்கச் சொல்ல எனக்கே மனசு வராது. ஆனால் செல்ஃபோனில் ராத்திரி பதினொரு மணிக்கு வாங்கும் குர்தியைப் பற்றி யோசியுங்கள். வந்து சேர்வதற்குள் ஆசை பாதி தீர்ந்துவிடுகிறது, மூன்று தடவை உடுத்தினால் பழகிவிடுகிறது. நான் இப்போது வருடத்துக்கு நான்கு எடுக்கிறேன், நல்ல கைத்தறியாக. அப்புறம் பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் மாடியில் புடவை மாற்றிக்கொள்ளும் நாள் ஒன்று வைக்கிறோம். பீரோவில் தூங்கும் பட்டுகளை விரித்துப் போட்டு, இது என் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்தது, இது முதல் சம்பளத்தில் எடுத்தது என்று சொல்லச் சொல்ல, கேட்பவருக்கு அந்தப் புடவை மேல் தனி ஆசை வந்துவிடுகிறது. ஜாக்கெட்டை மட்டும் டைலரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வேலையெல்லாம் கடைசியில் யார் தலையில் விழும்?

இதைக் கேட்டது என் நாத்தனார். எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

பாட்டி காலத்தில் எல்லாம் இயற்கையாக இருந்தது என்று பேசுகிறோம். அந்தப் பாட்டிதான் விறகடுப்புப் புகையில் இருமிக்கொண்டே சமைத்தார், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார், பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். பசுமை வாழ்க்கை என்ற பேரில் அந்த வேலையில் ஒரு பங்கு மறுபடி பெண்கள் தலையில் ஏறினால், அது யாருக்கும் சந்தோஷம் தராது. குப்பையைப் பிரிப்பது, துணிப்பையைத் துவைப்பது, டப்பாவை எடுத்து வைப்பது, மாவு அரைப்பது என்று எல்லாம் "அம்மா பார்த்துக்குவா" என்று ஆனால் மூன்று மாதத்தில் அம்மாவுக்கு வெறுத்துவிடும். வெறுக்க வேண்டியதும்தான்.

எங்கள் வீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஈரக் கழிவை மாடிக்குக் கொண்டுபோவது மகன். கடைக்குப் பையும் தூக்குவாளியும் எடுத்துப் போவது கணவர். மறந்து வந்தால் திரும்பிப் போவதும் அவர்தான். வாஷிங் மெஷின் இருக்கிறது, இருக்கும். மிக்ஸியும் கிரைண்டரும் இருக்கும். பெண்ணின் முதுகு வலியைக் குறைத்த எந்த இயந்திரத்தையும் கார்பன் கணக்கில் முதலில் வெட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெட்டுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

கேஸ் அடுப்பை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறட்டுமா?

கார்பனுக்காக மட்டும் என்றால் அவசரம் வேண்டாம். ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்யச் சுமார் 120 யூனிட்டுக்கு மேல் ஆகும் என்று என் கணக்கில் வருகிறது, இன்றைய மின்சாரத்தில் அது 84 கிலோ கார்பன். சிலிண்டர் 42 கிலோதான். மாடியில் சோலார் வந்து, பகலில் சமைப்பதாக இருந்தால் கணக்கு தலைகீழாக மாறும். அதுவரை பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள்.

சோலார் போடலாமா? ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு வழி உண்டா?

தனி வீடு என்றால் கட்டாயம் யோசியுங்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 300 சதுர அடி வேண்டும், நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரை கிடைக்கும். ஃபிளாட்டில் மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு ஆகிய பொது இணைப்புக்குப் போடலாம், சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். எங்கள் சங்கத்தில் மூன்று கூட்டம் சண்டை நடந்தது, துணி காயப்போடும் இடம் போய்விடும் என்று. தூண்களை ஏழடி உயரத்தில் நிறுத்தினால் கீழே கொடி கட்டலாம் என்று முடிவானது. நிழலும் கிடைக்கும்.

நான் ஒருத்தி மாறி என்ன ஆகிவிடப் போகிறது?

உங்கள் 500 கிலோவால் வெயில் குறையாது, உண்மைதான். அனல்மின் நிலையத்தையும் பேருந்து எண்ணிக்கையையும் நாம் வீட்டில் உட்கார்ந்து மாற்ற முடியாது. ஆனால் பழக்கம் தொற்றும். கலிஃபோர்னியாவில் ஒரு பகுதியில் ஒரு வீட்டுக் கூரையில் சோலார் ஏறினால் அக்கம்பக்கத்திலும் ஏறும் வாய்ப்பு கூடுகிறது என்று பொலிங்கரும் கில்லிங்ஹாமும் 2012-ல் காட்டினார்கள். எங்கள் மாடி வெள்ளையடித்த அடுத்த வருடம் எதிர்க் கட்டடமும் வெள்ளையானது. எத்தனை மூட்டைச் சுண்ணாம்பு என்று கேட்க அவர்களே வந்தார்கள். அதற்கு அப்புறம் இரண்டு கட்டடமும் சேர்ந்துதான் தெருவுக்கு மரக்கன்று கேட்டு மனு கொடுத்தோம், வார்டு கூட்டத்துக்குப் பதினெட்டுப் பேர் போனோம். தனியாகப் போயிருந்தால் நான் வாசலிலேயே திரும்பியிருப்பேன்.

பத்து வயது மகள் "உலகம் அழிஞ்சிடுமா?" என்று கேட்டு அழுகிறாள்.

அழியாது, ஆனால் கஷ்டம் கூடும், அதைக் குறைக்க நிறைய பேர் வேலை செய்கிறார்கள், நாமும் செய்கிறோம் என்று உண்மையைச் சொல்லுங்கள். செய்திச் சேனலை அணைத்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு காலை நேரம் பள்ளிக்கரணைக்கு அழைத்துப் போங்கள். உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். சாலையோரத்தில் நின்றாலே கூழைக்கடாவும் பூநாரையும் நீலத் தாழைக்கோழியும் தெரியும். இரண்டாவது மாடிச் சிறுமி இப்படித்தான் அழுதுகொண்டிருந்தாள். பூநாரை ஒற்றைக்காலில் தூங்குவதைப் பார்த்த பிறகு அவளுடைய கேள்விகளே மாறிவிட்டன: அது எங்கிருந்து வந்தது, என்ன சாப்பிடும், அடுத்த வருடம் இதே இடத்துக்கு வருமா.

மதுரைக்கு விமானமா, ரயிலா?

ரயில். இரவு எழும்பூரில் ஏறினால் விடியும்போது மதுரை. விமானம் ஒரு மணி நேரம்தான், ஆனால் மீனம்பாக்கத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால் அரை நாள். கார்பனும் பல மடங்கு.

உங்கள் கூட்டத்துக்கு வெளியாட்கள் வரலாமா?

வரலாம். எந்த மாதமும் இரண்டாவது ஞாயிறு மாலை ஐந்து மணி, வெயில் தாழ்ந்த பிறகு. சுண்டலும் சுக்கு காபியும் இருக்கும். தட்டும் டம்ளரும் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுங்கள். தக்காளி நாற்று வேண்டும் என்றால் தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், நோட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு அவர் கொடுப்பதில்லை.